பழம் கிடைச்ச அண்ணனுக்கும் ஒரு பாடம் இருக்கு

ஓம் சரவணபவ.



ஞானப்பழக் கதையை நாம எல்லாரும் சின்ன வயசுலயே கேட்டவங்கதான். நாரதர் ஒரு பழம் கொண்டு வந்தார். அதை வெட்டாம ஒருத்தரே சாப்பிடணும்னு சொன்னார். உலகத்தை முதல்ல சுத்தி வர்ற பிள்ளைக்குப் பழம்னு போட்டி வெச்சாங்க. தம்பி மயில் ஏறிப் பறந்தார். அண்ணன் அம்மையப்பனைச் சுத்தி வந்து, 'நீங்கதான் என் உலகம்'னு சொல்லிப் பழத்தை வாங்கிக்கிட்டார். திரும்பி வந்த தம்பிக்குக் கோபம். எல்லாத்தையும் துறந்து ஆண்டிக் கோலத்துல பழநி மலையில போய் நின்னுட்டார்.

இந்தக் கதையைச் சொல்றப்போ நம்ம மனசு எப்பவும் தம்பி பக்கம்தான் நிக்கும். நாம முருக பக்தர்கள், அப்படித்தான் இருக்கும். ஆனா எனக்கு ரொம்ப நாளா வேற ஒரு கேள்வி. பழம் கிடைச்ச அண்ணன், தம்பி வீட்டை விட்டுப் போன அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சிருப்பார்? அந்தப் பழம் அவருக்கு இனிச்சிருக்குமா?

எனக்கு ஏன் இந்தக் கேள்வி வந்ததுன்னா, எங்க வீட்டுல பழம் கிடைச்சவன் நான்.

எங்க வீட்டுல இருந்த ஒரே பழம்

எங்களுக்குச் சொந்த ஊர் புதுச்சேரி டவுன்தான். அப்பா மில் தொழிலாளி. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடிச்சது ஞாபகம் இருக்கும். ஊர்ல பாதி மரம் சாஞ்சு கிடந்துச்சு. அந்தப் புயலுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஒழுங்கா வேலையும் இல்ல, முழுச் சம்பளமும் இல்ல. வீட்டுல பேச்சு குறைஞ்சுது, சத்தம் கூடிச்சு. மளிகைக் கடை நோட்டுல பாக்கி ஏறிக்கிட்டே போச்சு.

2012-ல நான் டிப்ளமோ முடிச்சுட்டு இன்ஜினியரிங் சேரணும்னு நின்னேன். எனக்கு அப்போ இருபத்தோரு வயசு. தம்பிக்குப் பத்தொன்பது. ப்ளஸ் டூ முடிச்சுட்டு ஒரு வருஷமா ஒரு பேக்கரியில கூலிக்குப் போய்க்கிட்டு இருந்தான். அவனுக்குக் கேட்டரிங் படிக்கணும்னு ஆசை. பாண்டியில பொறந்தவனுக்கு ரொட்டி வாசனை புதுசு இல்லையே. விடியக்காலம் அடுப்புல இருந்து எடுத்த ரொட்டியைச் சூடு ஆறாம துணியில சுத்தி எடுத்துட்டு வருவான்.

ரெண்டு பேருக்கும் பீஸ் கட்டற நிலைமை வீட்டுல இல்ல. இருந்தது அம்மாவோட ஆறு பவுன் சங்கிலி ஒண்ணுதான். அதை அடகு வெச்சா ஒருத்தருக்கு ஆகும். 'யாரு மார்க் ஜாஸ்தியோ அவனுக்கு'ன்னு அப்பா சொன்னார். அது போட்டியே இல்ல. மார்க்னு வெச்சா நான்தான் ஜெயிப்பேன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

இருந்தும் ஒரு நாள் ராத்திரி அப்பா கொஞ்சம் தடுமாறினார். 'அவனும் கேக்கறானேடா'ன்னார். அப்போ நான் ஒரு வார்த்தை சொன்னேன். 'சமையல் வேலைக்கு எதுக்குப்பா காலேஜ்? நின்னு பார்த்தா தானா வந்துடும்.'

அவ்வளவுதான். மறுநாள் அப்பா அதே வார்த்தையை அப்படியே தம்பிகிட்டச் சொன்னார். சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. நான் காலேஜுக்குப் போனேன். பத்து நாள் கழிச்சுத் தம்பி ஒரு பையோட பெங்களூர் பஸ் ஏறிட்டான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனான். அப்பா, 'இனிமே அவன் பேரை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது'ன்னுட்டார்.

பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்தது பக்தி. நான் எங்கப்பாவைச் சுத்தி வந்ததுல பக்தியும் இருந்துச்சு, கணக்கும் இருந்துச்சு. அதை இப்பதான் எழுத முடியுது.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல

கூடப் பொறந்தவங்க ஆளுக்கொரு வழி போறது நம்ம ஊர் ரொம்பப் பார்த்த விஷயம். பிரெஞ்சுக்காரங்க ஆட்சி 1954 நவம்பர் 1-ம் தேதி கைமாறிச்சு. ஆனா சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. அதுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள 'எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்'னு எழுதிக் கொடுக்கறவங்க கொடுக்கலாம்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. வயசு வந்தவங்க அவங்கவங்க முடிவை அவங்கவங்களே எடுக்கணும். அதனால ஒரே முற்றத்துல வளர்ந்த அண்ணன் தம்பியில ஒருத்தர் பிரெஞ்சுக் குடிமகனாவும் இன்னொருத்தர் இந்தியக் குடிமகனாவும் ஆன குடும்பங்கள் இங்க உண்டு. ஒரு கையெழுத்துல ரெண்டு நாடு. அடுத்த தலைமுறையில ஒரு வீட்டுப் பிள்ளைங்க பாரிஸ்ல, இன்னொரு வீட்டுப் பிள்ளைங்க முத்தியால்பேட்டையில.

இதைவிடப் பெரிய கதை ஒண்ணு, வங்காளத்துல தொடங்கி நம்ம கடற்கரைத் தெருவுல வந்து சேர்ந்தது. ஆசிரமத்தைத் தாண்டிப் போகாத பாண்டிக்காரர் கிடையாது. ஆனா அரவிந்தரோட கூடப் பொறந்தவங்க கதை நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது.

அவங்க அப்பா கிருஷ்ணதன் கோஷ் பெரிய டாக்டர். பிள்ளைங்க வெள்ளைக்காரங்க மாதிரி வளரணும், ஐ.சி.எஸ். அதிகாரியா வரணும்னு அவருக்கு ஒரே பிடிவாதம். அம்மா சுவர்ணலதாவுக்கு மனநோய். 1879-ல அப்பா, விநயபூஷண், மன்மோகன், அரவிந்தர்ன்னு மூணு பிள்ளைகளையும் இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போய் மான்செஸ்டர்ல ஒரு பாதிரியார் குடும்பத்துல விட்டுட்டு வந்துட்டார். அரவிந்தருக்கு அப்போ ஏழு வயசு. அடுத்த ஜனவரியில, 1880-ல, இங்கிலாந்துலயே பொறந்த கடைசித் தம்பி பாரீந்திரன். அவர் அம்மாவோட இந்தியா வந்துட்டார். சரோஜினின்னு ஒரு சகோதரியும் உண்டு.

அப்பா அனுப்பற பணம் போகப் போகக் குறைஞ்சு, ஒரு கட்டத்துல நின்னே போச்சு. லண்டன்ல ஒரு வருஷம் முழுக்கக் காலையில ரெண்டு துண்டு ரொட்டியும் டீயும், சாயங்காலம் ஒரு பென்னிக்குக் கிடைக்கற இறைச்சித் துண்டும்தான் சாப்பாடு. மூத்தவர் விநயபூஷண் வாரத்துக்கு அஞ்சு ஷில்லிங் கூலிக்கு வேலை பார்த்தார்.

அரவிந்தர் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வுல தேறிட்டார். குதிரையேற்றச் சோதனைக்கு மட்டும் போகல. அதனால வேலை கிடைக்கல. அப்பா கேட்ட பழத்தை அவரே தொடாம விட்டுட்டார்னு வெச்சுக்கலாம். பிள்ளை கிளம்பி வர்ற கப்பல் மூழ்கிடுச்சுன்னு வந்த தப்பான செய்தியைக் கேட்டு அந்த அப்பா 1892-ல இறந்துபோனார். உண்மையில பிள்ளை அந்தக் கப்பல்ல ஏறவே இல்ல. அப்பாவும் பிள்ளையும் மறுபடி பார்த்துக்கவே இல்ல. இந்த இடத்தைப் படிக்கறப்போ எல்லாம் எனக்கு எங்கப்பா முகம்தான் வரும்.

அப்புறம் அந்தப் பிள்ளைங்க எங்கெங்க போனாங்கன்னு பாருங்க. விநயபூஷண் கூச்பிஹார் சமஸ்தானத்துல உத்தியோகம். மன்மோகன் ஆங்கிலக் கவிஞர், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில பேராசிரியர். அரவிந்தர் பரோடாவுல வேலை பார்த்துட்டு அரசியலுக்கு வந்தார். பாரீந்திரன் கல்கத்தா மாணிக்தலா தோட்டத்துல வெடிகுண்டு செய்யற ரகசியக் குழுவுக்குத் தலைவர். 1908 மே மாசம் போலீஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் கைது பண்ணிச்சு. அதுதான் அலிப்பூர் சதி வழக்கு. அண்ணனுக்காக வழக்கு நடத்தப் பணம் வேணும்னு ஊரைப் பார்த்துக் கை நீட்டி வேண்டுகோள் விட்டவர் சரோஜினி. சித்தரஞ்சன் தாஸ் வாதாடினார். 1909 மே மாசம் அண்ணனுக்கு விடுதலை. தம்பிக்குத் தூக்கு. அப்பீல்ல அது ஆயுள் தண்டனையா மாறி, பாரீந்திரன் அந்தமான் போனார்.

அண்ணன் 1910 ஏப்ரல் 4-ம் தேதி நம்ம புதுச்சேரியில கப்பலை விட்டு இறங்கினார். முதல்ல கலவை சங்கரஞ் செட்டியார் வீட்டுல தங்கினார். 1950 டிசம்பர் 5-ம் தேதி உடலை விடற வரைக்கும் இந்த ஊரை விட்டுப் போகல. தம்பி 1920-ல விடுதலையாகி வந்து, பிறகு இங்க அண்ணன்கிட்டயே சில வருஷம் இருந்தார். 1929-ல கிளம்பிட்டார். கல்கத்தா போய்ப் பத்திரிகைக்காரரா வாழ்ந்து 1959-ல காலமானார்.

பாரீந்திரன் ஏன் போனார்னு ஆராய்ச்சி பண்றது நம்ம வேலை இல்ல. எனக்குப் பட்டது ஒண்ணுதான். ஒரே வயித்துல பொறந்தவங்கள்ல ஒருத்தருக்கு யோகம், ஒருத்தருக்குத் துப்பாக்கி, ஒருத்தருக்குக் கவிதை, ஒருத்தருக்கு உத்தியோகம். எல்லாரையும் ஒரே நாற்காலியில உட்கார வைக்கணும்னு அப்பா ஆசைப்பட்டார், ஒருத்தர் கூட உட்காரல. ஆனா அண்ணன் சிறையில இருந்தப்போ 'அவர் போன வழி எனக்குச் சம்பந்தமில்லாதது'ன்னு தங்கச்சி சொல்லல. போன வழி வேற, கூடப் பொறந்த உறவு வேறன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

பழநியோட கதை முடியல

இப்போ நம்ம முருகன்கிட்ட வருவோம். நாம ஞானப்பழக் கதையைப் பழநியிலயே நிறுத்திடறோம். அங்கதான் தப்பு.

அம்மையும் அப்பனும் பழநிக்குத் தேடி வந்தாங்க. 'பழம் நீ'ன்னு சொன்னாங்க, அதுதான் பழநி ஆச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. இதுல கவனிக்க வேண்டிய விஷயம், பிள்ளை இருக்கற இடத்துக்குப் பெத்தவங்க நடந்து வந்தாங்க. 'திரும்பி வந்தாத்தான் பேசுவோம்'னு கயிலாயத்துலயே உட்காரல. பிள்ளையும் திரும்பிப் போகல. அந்த மலையே அவர் வீடு ஆச்சு. அவங்களும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகல.

அடுத்தது வள்ளிமலை. வேலூர் பக்கத்துல இருக்கு. தினைப்புனத்துல வள்ளியைப் பார்த்த முருகன் வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கிழவனா வந்தார். வள்ளி மசியல. அப்போ அவர் யாரை நினைச்சார்? அண்ணனை. கச்சியப்பர் கந்தபுராணத்துல வள்ளி திருமணம் படிச்சவங்களுக்குத் தெரியும். தம்பி கூப்பிட்ட உடனே விநாயகர் யானையா வந்து நின்னார். வள்ளி பயந்து கிழவரைக் கட்டிக்கிட்டார். காரியம் முடிஞ்சதும் யானை போயிடுச்சு.

அந்த அண்ணன் என்ன கேட்டார்? 'அன்னைக்குப் பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போனியே, இப்ப மட்டும் நான் வேணுமா?'ன்னு கேட்டாரா? ஒண்ணும் கேக்கல. தம்பிக்கு எந்த உருவத்துல வந்தா உதவியோ அந்த உருவத்துல வந்தார், வேலையை முடிச்சார், போனார்.

அதுக்கு அப்புறம்தான் திருத்தணி. கோபம் தணிஞ்ச இடம் தணிகைன்னு சொல்றோம். வள்ளியை மணந்த இடமும் அதுதான். பழநியில தொடங்கின கோபம் திருத்தணியில அடங்குதுன்னு வெச்சுப் பார்த்தா, நடுவுல வள்ளிமலையில அண்ணன் வந்த அந்த ஒரு நாழிகை எவ்வளவு முக்கியம்னு புரியும்.

இன்னொண்ணும் இருக்கு. பழநி போனவங்க யோசிச்சுப் பாருங்க. படி ஏறறதுக்கு முன்னாடி யாரைக் கும்பிடறோம்? அடிவாரத்துல பாத விநாயகரை. போட்டியில ஜெயிச்ச அண்ணன், தோத்துட்டு வந்த தம்பியோட மலைக்குக் கீழ வந்து உட்கார்ந்திருக்கார். தம்பி உச்சியில, அண்ணன் அடிவாரத்துல. பத்து தடவைக்கு மேல பழநி போயிருக்கேன். இது என் புத்திக்கு எட்டினது 2018-லதான்.

ஒரு போன்

2018-ல ஒரு நாள் ராத்திரி தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. 'அண்ணா'ன்னான். ஆறு வருஷம் கழிச்சு அந்தக் குரல். அதுவரைக்கும் அம்மாதான் அக்கம்பக்கத்து போன்ல இருந்து யாருக்கும் தெரியாம அவன்கூடப் பேசிக்கிட்டு இருந்தாங்க. என்கிட்ட அவன் நம்பர் இருந்தும் நான் பண்ணதில்ல. அவன் பண்ணட்டும்னு இருந்தேன். சின்னவன்தானே முதல்ல வரணும்னு ஒரு வீம்பு. உண்மையைச் சொன்னா, பயம்.

விஷயம் இதுதான். கூட வேலை பார்க்கற ஒரு பொண்ணைக் கட்டிக்கணும்னு இருக்கான். பொண்ணு வீட்டுக்காரங்க நல்லவங்க. ஆனா, 'உங்க பக்கம் பெரியவங்க ஒருத்தராவது வந்து பேசணும்'னு சொல்லிட்டாங்க. 'அப்பா வர மாட்டார். நீ வருவியாண்ணா?'

எனக்கு உடனே பதில் வரல. 'நாளைக்குச் சொல்றேன்'னு வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? இத்தனை நாள் அப்பா பேச்சுக்கு எதிரா ஒரு அடி எடுத்து வெச்சதில்ல. காலையில எழுந்து ரயிலடி பக்கம் இருக்கற கௌசிக பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனேன். சந்நிதியில நிக்கறப்போ மனசுல வந்தது முருகன் இல்ல, அந்த யானைதான். சின்ன வயசுல மணக்குள விநாயகர் கோயில் வாசல்ல லட்சுமி யானை முன்னாடி என்னையும் தம்பியையும் அப்பா ஒண்ணாத்தான் தலை குனியச் சொல்வார். ரெண்டு பேர் தலையிலயும் தும்பிக்கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணும். அது ஒருத்தரைத் தேர்ந்தெடுத்ததே இல்ல. (2022 நவம்பர் 30-ம் தேதி லட்சுமி போன அன்னைக்கு ஊரே அழுதது. நாங்களும்தான்.)

போனேன். அம்மாவும் கூட வந்தாங்க. அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் போனோம். அவர் 'வேணாம்'னும் சொல்லல, 'சரி'ன்னும் சொல்லல. பேப்பரைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டார்.

பெங்களூர் பஸ் ஸ்டாண்டுல தம்பி நின்னுக்கிட்டு இருந்தான். மீசை வெச்சிருந்தான். கையில அடுப்புச் சூடு பட்ட தழும்பு ரெண்டு மூணு. பொண்ணு வீட்டுல பேசி முடிச்சுட்டு வெளிய வந்து டீக்கடையில நின்னோம். அப்பதான் சொன்னேன். 'அன்னைக்கு அப்பா சொன்ன வார்த்தை அவரோடது இல்லடா. நான் சொல்லிக் கொடுத்தது.'

அவன் டீயைக் குடிச்சுட்டு, 'தெரியும்ணா. அன்னைக்கு ராத்திரி நான் வாசல் திண்ணையிலதான் படுத்திருந்தேன்'னான்.

ஆறு வருஷமா அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் அந்தப் போனைப் பண்ணியிருக்கான். யார் யாருக்கு அண்ணன்னு எனக்கு அப்போ தெரியல.

அம்மாவோட சங்கிலியை நான் வேலைக்குப் போய் மூட்டுட்டேன். ஆனா அம்மா அதைப் போட்டுக்கவே இல்ல. மஞ்சத் துணியில முடிஞ்சு பீரோவுல வெச்சிருந்தாங்க. கல்யாணத்தன்னைக்கு அதைச் சின்ன மருமக கழுத்துல போட்டாங்க. அப்பா கல்யாணத்துக்கு வரல.

மாசி மகம்

எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதினா அது பொய். தம்பி பெங்களூர்லதான் இருக்கான், பேக்கரி வேலையிலதான் இருக்கான். இங்க வந்து இருக்கற எண்ணம் இல்ல. அப்பாவும் அவனும் நாலு வார்த்தைக்கு மேல பேசிக்கறதில்ல. ஆனா வருஷா வருஷம் மாசி மகத்துக்கு வந்துடறான்.

வைத்திக்குப்பம் கடற்கரைத் தீர்த்தவாரி பார்க்காதவங்க ஒரு தடவையாவது பாருங்க. மயிலத்துல இருந்து நம்ம முருகன் வர்றார். சூரபத்மன் மயிலாகணும்னு தவம் இருந்த மலை அது. தீவனூர்ல இருந்து பொய்யாமொழி விநாயகர் வர்றார். செஞ்சியில இருந்து ரங்கநாதர் வர்றார். ஊருக்குள்ள இருந்து மணக்குள விநாயகரும் வர்றார். அண்ணனுக்கு ஒரு ஊர், தம்பிக்கு ஒரு ஊர், மாமனுக்கு ஒரு ஊர். எல்லாரும் ஒரே மணல்ல, ஒரே கடலைப் பார்த்து வரிசையா நிக்கறாங்க. தீர்த்தவாரி முடிஞ்சதும் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடறாங்க.

இந்த வருஷம் அப்பாவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போனோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் தம்பி. மயிலம் சாமி வந்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். ரொம்ப நேரம் கழிச்சு, 'வருஷத்துக்கு ஒரு தரம் வராரு. இங்கயே இருன்னு யாரும் பிடிச்சு வெச்சுக்கல பாரு'ன்னார். யாருக்குச் சொன்னார்னு தெரியல. கடலைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில தம்பி அவன் கையால செஞ்சு எடுத்துட்டு வந்த ரொட்டியை டீயில தொட்டுச் சாப்பிட்டுட்டு, 'நல்லா வெந்திருக்கு'ன்னார். தம்பி சமையக்கட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

நாம எடுத்துக்க வேண்டியது

அடியேனுக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். தப்பிருந்தா பெரியவங்க திருத்துங்க.

1. பெத்தவங்களுக்கு: வீட்டுல கஷ்டம் வர்றப்போ ஒரு பழம்தான் இருக்கும், அது யார் தப்பும் இல்ல. ஆனா அதைப் போட்டிக்கு வைக்காதீங்க. 'இப்போ இவனுக்கு, இவன் தலையெடுத்ததும் உனக்கு'ன்னு வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்க. பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா பழநி வரைக்கும் நீங்களே நடந்து போங்க. சிவபெருமானே போயிருக்கார், நமக்கென்ன கௌரவம்?

2. வீட்டுல தங்கின பிள்ளைக்கு: பெத்தவங்களைப் பார்த்துக்கறது பெரிய புண்ணியம். அதை வெளிய போனவன்மேல வீசற கல்லா மாத்திக்காதீங்க. கிடைச்ச பழத்துல அவன் பங்கும் இருக்கு. அவன் கூப்பிட்டா உடனே போங்க. கூப்பிடலைன்னாலும் அவன் மலை அடிவாரத்துல போய் நில்லுங்க. நான் ஆறு வருஷம் நிக்கல. அந்த ஆறு வருஷம் திரும்பக் கிடைக்காது.

3. வெளிய போன பிள்ளைக்கு: உங்க மலை உங்களுக்கு. அதை விட்டு இறங்கி வரணும்னு யாரும் சொல்லல. ஆனா பழநியில ஏறின கோபத்துக்கு ஒரு திருத்தணியும் வேணும். தேவசேனாபதியே ஒரு கட்டத்துல அண்ணனைக் கூப்பிட்டார். கூப்பிட்டதால அவர் மதிப்பு குறையல.

4. நடுவுல நிக்கற அக்கா, தங்கச்சி, அம்மாவுக்கு: சரோஜினியை நினைச்சுக்கோங்க. எங்கம்மா அக்கம்பக்கத்து போன்ல பேசின அந்த அஞ்சு நிமிஷம் இல்லன்னா, தம்பிகிட்ட என் நம்பரே இருந்திருக்காது.

இதைப் படிக்கற யாருக்காவது ரொம்ப நாளாப் பேசாத அண்ணனோ தம்பியோ அக்காவோ இருந்தா, அடுத்த சஷ்டி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலம் விளக்கேத்திட்டு ஒரு போன் பண்ணுங்க. பழைய கதை எதுவும் பேச வேண்டாம். 'சாப்டியா?'ன்னு கேட்டாப் போதும்.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.